பூசையில் வைத்த துப்பாக்கி

கால் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களைவிட, யார் சுட்டது என்று கேட்பவர்கள்தான் அதிகம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்கூட, என் ஊன்றுகம்பை ஓரமாக நகர்த்திவிட்டு அதைத்தான் கேட்டாள். அடிபட்டது என்றால் லாரியா, டூவீலரா என்கிறார்கள். துப்பாக்கி என்றால் கண் விரிந்துவிடுகிறது, என்னவோ நான் எல்லையில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரி. நான் சத்துணவு அமைப்பாளர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சோறு பொங்க வைத்து, பிள்ளைகளுக்கு முட்டை போடுகிறவள். என்னைச் சுட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

யார் சுட்டது என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஆஸ்பத்திரியில் பல நாள் வாயை மூடிக்கொண்டு கிடந்தேன். இப்போது நடக்கிறேன், வேலைக்கும் போகிறேன். வீட்டில் பீரோவுக்குள் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் யாராவது படித்தால் சரி என்று எழுதுகிறேன்.

என் தம்பி குமரேசன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். ராமநாதபுரத்தில் ஒரு வங்கியில் காவலுக்கு நிற்கும் வேலை கிடைத்தது. அந்த வேலைக்குத் துப்பாக்கியை நாமேதான் கொண்டுபோக வேண்டும். லைசன்ஸ் வாங்கி, இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் வாங்கினான். எங்கள் ஊர் பரமக்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. முன்வீட்டில் அவனும் அவன் பெண்டாட்டி செல்வியும், ஆறு வயது மகள் தர்ஷினியும். பின்கட்டில் நான். என் வீட்டுக்காரர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. "இங்கனயே இருந்துக்கக்கா" என்றான் தம்பி. இருந்துகொண்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, சாதாரண நாளில் அவன் கவனமானவன்தான். வேலை விட்டு வந்ததும் தோட்டாவைக் கழற்றித் தனியாக ஒரு டப்பாவில் போடுவான். துப்பாக்கியை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவான். சாவி அவன் இடுப்பில் இருக்கும். தேர்தல் வந்தால் எல்லாரையும்போல ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவான். எல்லாம் ஒழுங்குதான். வருஷத்தில் ஒரு நாளைத் தவிர.

அந்த ஒரு நாள் ஆயுத பூசை.

எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. பூசையில் எதையும் வெறுமையாக வைக்கக் கூடாது. நாழி வைத்தால் நெல் நிறைத்து வைக்க வேண்டும். மணிபர்ஸ் வைத்தால் உள்ளே நோட்டு இருக்க வேண்டும். பேனாவில் மை இருக்க வேண்டும், வண்டியில் பெட்ரோல் இருக்க வேண்டும். இரண்டாவது, வைத்ததை மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அரிவாள், மண்வெட்டி, என் சமையல் கரண்டி, பிள்ளையின் புத்தகம், எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு அப்படியே கிடக்கும். அன்று பீரோவுக்கும் பொட்டு வைத்தோம். பீரோ சாவியும் தட்டில் ஏறியது. துப்பாக்கியை ஒரு பலகையில் படுக்க வைத்து, மாலை சுற்றி, சந்தனம் தடவியிருந்தான் தம்பி. பூசை முடிந்த பிறகு அதைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டலாமென்றால், பூட்டுகிற சாவியே பூசையில் இருந்தது. ஆக, ராத்திரி முழுக்கத் துப்பாக்கி கூடத்தில் படுத்திருந்தது. நாங்களும் படுத்திருந்தோம்.

அதற்குள் தோட்டா இருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

தர்ஷினிக்குப் புதுசாகக் கலர் பென்சில் டப்பா ஒன்று வாங்கி வந்திருந்தான். அதைப் பிரிக்கக்கூட விடாமல் பூசையில் வைத்துவிட்டார்கள். பிள்ளை அன்று பூராவும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. விடிந்ததும் பல்லைக்கூட விளக்காமல் நேரே அங்கேதான் போயிருக்கிறாள். பலகையிலிருந்த டப்பாவின்மேல் துப்பாக்கி மாலையோடு குறுக்கே கிடந்திருக்கிறது. நகர்த்தியிருக்கிறாள். பொத்தான் மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டிருக்கிறது, வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டி அதுதான்; தள்ளியிருக்கிறாள். அவள் கையில் போனைக் கொடுத்தால் பூட்டைத் திறந்து படம் பார்க்கிறவள். விசை பக்கத்திலேயே இருந்தது.

நான் மறுபூசைக்குச் சுண்டல் சட்டியோடு நடையில் வந்துகொண்டிருந்தேன். பெரிய சத்தம் கேட்டிருக்குமே என்கிறார்கள். எனக்கு முதலில் தெரிந்தது சுண்டல் தரையெல்லாம் கொட்டியதுதான். அடடா, படைக்கவேண்டிய சுண்டல் என்று குனிந்தேன். குனிந்தவள் நிமிரவில்லை. இடது கால் என்னுடையது போலவே இல்லை. சிதறிய சின்னச் சின்னக் குண்டுகளில் பாதி நிலைப்படியில் ஏறியிருந்தது, மீதி என் கெண்டைக்காலில். கூடத்தில் பிள்ளை பென்சில் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி வாயைத் திறந்து நின்றாள். அழக்கூட இல்லை.

பரமக்குடி ஆஸ்பத்திரியில் இறக்கியதும் டாக்டர் கேட்டார், எப்படி ஆச்சு என்று. நான் ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறேன். தலைமாட்டில் தம்பியின் குரல் கேட்டது.

"பாப்பா எடுத்து வெளையாண்டுருச்சு சார். வெடிச்சிருச்சு."

யார் சுட்டது என்பதற்கு அதுதான் முதல் வரி. அந்த வலியிலும் அது என் காதில் நறுக்கென்று விழுந்தது.

அங்கே காலை இறுக்கிக் கட்டி, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே எடுத்த எக்ஸ்ரே படத்தைச் சின்ன டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். கெண்டைக்கால் முழுக்கக் கடுகு வெடித்துத் தெறித்த மாதிரி வெள்ளை வெள்ளைப் புள்ளி. எலும்பு ஓரிடத்தில் நொறுங்கியிருந்தது. எலும்பைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை, ரத்த ஓட்டம்தான் கவலை. முழங்காலுக்குக் கீழே மூன்று ரத்தக்குழாய் இறங்குகிறதாம். டாப்ளர் என்று ஒரு கருவி, பேனா மாதிரி இருக்கும், பாதத்தில் பசை தடவி அதை வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் புஸ் புஸ்ஸென்று கேட்கும். கேட்டால் கால் இருக்கும், கேட்காவிட்டால் எடுக்க வேண்டியதுதான். அந்தப் பேனா என் பாதத்தில் ஊர்ந்து ஊர்ந்து எதுவும் கேட்காமல் இருந்த நேரத்தில், வேண்டாத தெய்வமில்லை. கடைசியில் கேட்டது. ஒரு குழாய் போய்விட்டது, இரண்டு ஓடுகிறது, இரண்டு போதும் என்றாள் டாக்டரம்மா. எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது காலுக்கு வெளியே கம்பிக் கூடு ஒன்று நின்றது. எலும்புக்குள் ஆணி இறக்கி, ஆணிகளை வெளியே கம்பியால் இணைத்திருந்தார்கள். புண் திறந்து கிடக்கும்போது உள்ளே தகடு வைத்தால் சீழ் பிடிக்குமாம், அதனால் இப்படி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் செத்த சதையை வெட்டி எடுத்துக் கழுவினார்கள். கீரை ஆய்கிறபோது அழுகினதைக் கிள்ளிப் போடுகிற வேலைதான், ஆனால் கீரை நான். குண்டையெல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். எடுக்கக்கூடியதைத்தான் எடுத்தோம், மற்றதைத் தோண்டினால் நல்ல சதையும் கெட்டுப்போகும், அது பாட்டுக்கு உள்ளே இருக்கட்டும் என்றார்கள். இருக்கிறது.

வலியைவிட அந்த வார்டில் எனக்குப் பெரிய தொல்லை ஒரு கேள்வி. நர்ஸ் மாறும்போதெல்லாம் புதிதாக வருகிற நர்ஸ் முதலில் கேட்பது, "கூட யாரு?"

எல்லாக் கட்டிலுக்கும் கீழே ஒரு பாய் இருக்கும். மகளோ மருமகளோ தங்கையோ அதில் உட்கார்ந்திருப்பாள். மருந்து வாங்க, சுடுதண்ணீர் பிடிக்க, கழிவறைக்குத் தாங்கிப் போக ஆள் வேண்டுமல்லவா. என் கட்டிலுக்குக் கீழே என் செருப்பு இருந்தது, அதிலும் ஒன்றுதான். இன்னொன்று எங்கே போனதோ. "கூட யாரு" என்றால் அந்தச் செருப்பைக் காட்டுவேன். முதல் தடவை நர்ஸ் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. படுக்கையில் கிடந்துகொண்டு, யாராவது வந்து மலத்தட்டை வைப்பார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடப்பது பெரிய அவமானம். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கு மூக்கைச் சிந்திவிட்டவள் நான். எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் எட்டி எடுத்துத் தர ஆளில்லை.

பக்கத்துக் கட்டில் தவமணியம்மா. மண்டபம் அகதி முகாமில் இருக்கிற இலங்கைக்காரர். சர்க்கரையில் கால் புண்ணாகி வந்து படுத்திருந்தார். மகள் மீன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு சாயங்காலம்தான் வருவாள். பகலெல்லாம் அவரும் தனி, நானும் தனி. பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி என் பக்கம் வருவார்.

"தங்கச்சி, தேத்தண்ணி கொஞ்சம் குடிக்கிறியளோ?"

அந்த வார்டில் நான் தேநீர் குடித்ததெல்லாம் அவர் கையால்தான்.

தம்பி ஒரு மதிய நேரம் வந்தான். சட்டை கசங்கியிருந்தது. சம்பவம் நடந்த அன்றே போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டது, இன்னும் என்னிடம்தான் வாக்குமூலம் வாங்கவில்லை, நான் மயக்கத்தில் இருக்கிறேன் என்று டாக்டர்கள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்றான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஏட்டையா நாளைக்கோ மக்கா நாளோ வருவாருக்கா. பாப்பாதான் எடுத்துச்சுன்னு சொல்லிரு."

"அவதானே எடுத்தா. அத மறைக்கப் போறனா?"

"அது இல்லக்கா. பீரோ பூட்டித்தான் இருந்துச்சு, பாப்பா எங்களுக்குத் தெரியாம சாவிய எடுத்துத் தொறந்துருச்சுன்னு சொல்லணும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் தோட்டா நினைவு வந்தது; கழற்ற மறந்திருப்பான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"ஏலே, தெரிஞ்சேதான் குண்ட உள்ள போட்டு வச்சிருந்தியா?"

தலை குனிந்தே இருந்தான். "ரவுண்டு ரெண்டும் போட்டுத்தான் வச்சேன். வெறுசா எப்படிக்கா பூசையில வைக்கிறது? நாழிய வெறுசா வைப்பமா? மணிபர்ச வெறுசா வைப்பமா? சேஃப்டி போட்டுத்தான் வச்சேன்."

"பட்டாளத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"அக்கா, நீ புரிஞ்சுக்கிற மாட்டேங்கிற. நான் வெளிய வச்சேன்னு ஆச்சுன்னா லைசன்ஸ் போச்சு, வேல போச்சு, கேசு வேற. பாப்பாவுக்கு ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ள மேல கேசே கெடையாது. வக்கீல்ட்ட கேட்டுட்டேன். அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

அவளுக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள் வாந்தி எடுத்த பையனை, அவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவரை 'வாந்தி' என்றே கூப்பிட்ட ஊர் எங்கள் ஊர். சாவியைத் திருடித் துப்பாக்கியை எடுத்து அத்தையைச் சுட்ட பிள்ளை என்று எழுதிவிட்டால், அதை யார் அழிப்பது? சட்டம் விட்டுவிடும். சோற்று வரிசையில் நிற்கிற பிள்ளைகள் விடுமா?

ஆனால் அதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்க இடம் கொடுத்தவன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். "வாரேங்க்கா" என்று எழுந்து போனான். அதற்கப்புறம் அவன் வரவில்லை.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் வந்தால் வார்டே திருவிழாவாகிவிடும். தூக்குவாளி, ஆரஞ்சுப்பழம், கைப்பிள்ளை அழுகை, நர்ஸின் அதட்டல். எல்லாரும் வாசலைப் பார்ப்பார்கள், நானும் பார்ப்பேன். எனக்கு யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். தெரிந்தும் கழுத்து அந்தப் பக்கமே திரும்பும். என் கழுத்தின்மேல் எனக்கே கோபம் வரும். சொந்தக்காரர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. போலீஸ் கேஸ், சாட்சி என்று நம்மையும் இழுத்துவிடுவார்கள் என்ற பயம். அதுவாவது பரவாயில்லை. தம்பியையே மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று ஊரில் பேச்சு வேறு. நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் அப்படி.

செல்வி மட்டும் ஒரு நாள் வந்தாள். ரசஞ்சோறும் அப்பளமும் கொண்டுவந்திருந்தாள். நல்ல காலை மடியில் எடுத்து வைத்துப் பிடித்துவிட்டாள்.

"தர்ஷி எப்படி இருக்கா?"

"இருக்கா மதினி."

"பள்ளிக்கூடம் போறாளா?"

செல்வியின் கை நின்றது. "போறா. வலது கையால எதையும் தொட மாட்டேங்கிறா மதினி. சோறு இடது கையாலதான் திங்கிறா. எழுதச் சொன்னா எழுத மாட்டேங்கிறா. மறுபூசைக்கு முந்தி பூசையில கைய வச்சதால சாமி கோவிச்சுக்கிருச்சுன்னு நாந்தான் ஒரு பேச்சுக்குச் சொல்லிப்புட்டேன். அந்தக் கை கெட்ட கைன்னு நெனச்சுக்கிருச்சு போல. பிள்ளைகளெல்லாம் சுட்ட பிள்ள, சுட்ட பிள்ளங்குதுக." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "இப்பச் சாவியையும் அவதான் எடுத்தான்னு சொல்லணுமாம். உங்க தம்பி அவளுக்கும் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காரு, யாராவது கேட்டா நாந்தான் பீரோவத் தொறந்தேன்னு சொல்லணும்னு."

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

"நீ என்ன சொல்ற செல்வி?"

"நான் என்ன மதினி சொல்றது." தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டாள். வாசலுக்குப் போனவள் திரும்பி வந்து, என் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டு, "எங்கிட்டக் கேக்காதீங்க. உங்ககிட்டத்தான் கேக்கப் போறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று தவமணியம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தார். திரைச்சீலையா இருக்கிறது அந்த வார்டில், எல்லார் வீட்டுக் கதையும் எல்லாருக்கும்தான். செல்வி போன பிறகு கூரையைப் பார்த்தபடி பேசினார்.

"எங்கட அண்ணருக்குச் சூடு பட்டது, கடைக்குப் போற வழியில. ஆர் சுட்டதெண்டு அம்மா சாகுமட்டும் கேட்டவ. ஒருத்தரும் சொல்லேல்ல. சொல்ல ஏலாது." பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்ச அப்பிடி இல்லைத்தானே? இஞ்ச சொல்லலாம்தானே?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்லலாம் என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு என்னால் சும்மா கிடக்க முடியவில்லை.

ஏட்டையா வந்தது காலையில், டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு. வயசானவர். ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் தொடைத் தோலைச் சீவிக் கெண்டைக்கால் புண்ணில் ஒட்டுவதற்கு நாள் குறித்திருந்தார்கள். பயம் அதற்கா இதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பீரோ பூட்டி இருந்துச்சாம்மா?"

"பூட்டித்தான் சார் இருந்துச்சு. துப்பாக்கி வெளிய இருந்துச்சு."

எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"சாவிய பாப்பா எடுத்ததா உங்க தம்பி சொல்றாரே?"

"சாவி பூசையில இருந்துச்சு சார். யாரும் எடுக்கல. துப்பாக்கிய உள்ள வச்சிருந்தாத்தானே சாவி எடுக்கணும். குண்டு போட்டு, பொட்டு வச்சு, பிள்ள கைக்கு எட்டுற மாதிரி பலகையில வச்சிருந்துச்சு."

"சரி. விசைய அமுக்குனது யாரு?"

"லைசன்ஸ்ல யார் பேரு சார் போட்டிருக்கு?"

"குமரேசன்."

"அந்தப் பேரையே எழுதிக்கங்க."

"உங்க கூடப்பொறந்த தம்பிம்மா."

"தெரியும் சார். அவன இடுப்புல வச்சுச் சுமந்தவ நான்." அவர் தொடைமேல் இருந்த அட்டையைக் கையால் காட்டினேன். "பிள்ள கை பட்டு வெடிச்சுச்சுன்னும் எழுதுங்க, நான் மறைக்கல. பட்டது அவ கை. வச்சது அவன் கை. எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டாந்து குடுக்குறான்ல சார், பெரிய மனுசங்களுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதுன்னு? அதே மரியாதய வீட்டுல இருக்குற பிள்ளைக்குக் குடுத்திருக்கணும். அத எழுத முடிஞ்சா எழுதுங்க."

அதை எழுதினாரா தெரியாது. எழுதியதை வாசித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். எழுந்து போகும்போது, "எம் மகனும் பட்டாளத்துலதாம்மா இருக்கான்" என்றார். எதற்குச் சொன்னார் என்று கேட்கவில்லை.

ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. தோல் எடுத்த தொடைதான் தீக்காயம் மாதிரி எரிந்தது. புண்ணைவிட, புண்ணுக்குக் கொடுத்த இடம் அதிகமாக வலிக்கும் என்று எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. கம்பிக் கூட்டோடு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எந்த வீட்டுக்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஃபோன் போட்டேன், தம்பி எடுக்கவில்லை. கடைசியில் தவமணியம்மாவின் மகள்தான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, என்னை ஆட்டோவில் ஏற்றி பஸ் ஸ்டாண்டோடு நிற்காமல் ஊர்வரை கொண்டுவந்து விட்டாள். ஒற்றைச் செருப்பை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார் தவமணியம்மா. தூக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லையாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்குப் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற சமையலர் இரண்டு பேரும் மாறி மாறி வந்து சோறு பொங்கிக் கொடுத்தார்கள். பிறகு கூடு கழன்றது, கம்பு வந்தது. தம்பிக்கு லைசன்ஸ் போய்விட்டது, வங்கி வேலையும் போய்விட்டது. கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. இப்போது மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேன், கையில் வெறும் கம்பு. அக்காவும் தம்பியுமாக இரண்டு பேரும் கம்பு ஊன்றுகிறோம் என்று நினைத்தால் சில நேரம் சிரிப்பு வரும். ஊருக்கு வருகிறபோது எதிரில் பட்டால் அவன் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு போய்விடுவான். யாரிடமும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். செய்தது சரிதான் என்று தெரிந்தாலும், அவன் அப்படித் தாண்டிப் போகிறபோது கம்பை ஊன்றி நின்று அவன் முதுகையே பார்க்கிறேன். சரியாகச் செய்தால் வலிக்காது என்று எவன் சொன்னான்?

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சோற்று வரிசையில் தர்ஷினி கடைசியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் இன்னும் பின்னால் போனாள். தட்டை நீட்டினாள், நான் போட்டேன், தலை நிமிரவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இடது கையால் தின்றாள். வலது கை பாவாடை மடிப்புக்குள் இருந்தது. முட்டையை அப்படியே வைத்துவிட்டாள். ஒற்றைக் கையால் எப்படி உரிப்பாள்?

எல்லாப் பிள்ளைகளும் தட்டைக் கழுவிக்கொண்டு ஓடிய பிறகு, சமையலறை வாசலில் வந்து நின்றாள். முட்டை இடது கையில் இருந்தது.

"அத்த, கால் வலிக்குதா?"

"மழ வந்தா வலிக்கும். மத்த நேரம் சும்மா கெடக்கும்."

தரையைக் காலால் தேய்த்தாள். "அம்மா சாமி கோவம்னு சொன்னாங்க. அய்யா அப்படி இல்லங்குறாரு. எது நெசம்?"

எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தேன்.

"அய்யா என்னடி சொன்னாரு?"

"ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்து சொன்னாரு. தப்பு அவரோடதுன்னாரு. அவருதான் வெளிய வச்சாராம். நான் பென்சில்தான் எடுக்கப் போனேனாம். அழுதாரு." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அத்தகிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். புகை ஒன்றும் இல்லை, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அய்யா சொன்னதுதான் நெசம்" என்றேன்.

உரித்துத் தரட்டுமா என்று முட்டைக்குக் கையை நீட்டினேன்.

"வேண்டாம் அத்த" என்றாள். படியில் உட்கார்ந்து, முட்டையைத் தரையில் தட்டி, மடிப்புக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். "நானே உரிச்சுக்கிருவேன்."